கை பழகக் காலம் வேண்டும்

(சேத்தியாத்தோப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிப்படிப்பை நடுவிலே நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கும், படித்தும் வேலை கிட்டாமல் கிராமத்திலே இருக்கும் பிள்ளைகளுக்கும் தொழிற்பயிற்சி என்பது இன்று எனக்கு இடப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பிலே பேசுவோர் வழக்கமாக இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்றைச் சொல்லி அமர்ந்துவிடுவார்கள். இக்காலத்து இளைஞனுக்கு உழைப்பில் சிரத்தை இல்லை என்பது ஒன்று. அரசாங்கம் ஒரு திட்டமும் போடவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. உழைக்க மனமில்லாதவனா இரவோடு இரவாகப் பஸ் ஏறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று, எட்டாவது மாடிக்குச் சிமெண்ட் மூட்டை சுமக்கிறான்? திட்டம் இல்லாமலா இத்தனை விளம்பரப் பலகைகள் நம் சாலையோரங்களில் நிற்கின்றன? திட்டத்துக்கு இந்த நாட்டிலே என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

நான் சொல்ல வந்தது மூன்றாவது ஒரு விஷயம். ஒரு தொழில் கையில் படிவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளைக் கூலி இல்லாமல் கழிக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வசதி இல்லை. அந்தக் காலத்தை அவனுக்கு யார் வாங்கித் தருவது? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாத எந்தப் பயிற்சித் திட்டமும் சான்றிதழ் அச்சடிக்கும் வேலையாகவே முடியும் என்பது என் துணிபு.

முதலில் நாம் அமர்ந்திருக்கும் இந்த ஊரையே பார்ப்போம். வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு, சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதையும், சென்னையிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று சந்திக்கும் கூட்டுரோடு, எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வடமேற்கே, 1956ஆம் ஆண்டு தோன்றிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். தெற்கே வீராணம் ஏரியும் அதன் பாசனமும். மேற்கே விருத்தாசலத்திலே பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க ஒரு கல்வி நிலையமும். கிழக்கே, 1929ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாலு திசையிலும் தொழிலும் கல்வியும் நிற்கின்றன. நடுவிலே வேலையில்லாத பிள்ளை நிற்கிறான். இது விந்தையல்லவா?

விந்தை எப்படி விளைந்தது என்று அறிய வேண்டுமானால், தொழில் என்பது எப்படிக் கற்கப்படுகிறது என்று சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும். அரவைப் பருவத்திலே சர்க்கரை ஆலைக்குள் போய், 'பான்' என்று சொல்லும் அந்தப் பெரிய கொதிகலத்தின் முன்னே நிற்கும் தொழிலாளியைக் கவனியுங்கள். உள்ளே காற்றழுத்தம் குறைக்கப்பட்ட நிலையிலே கரும்புப்பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு குழாய்க்கோலை உள்ளே செலுத்திச் சிறிது பாகை எடுக்கிறார். கண்ணாடித் துண்டிலே தடவுகிறார். வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்க்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலே இழுத்துப் பார்க்கிறார். மணிகள் ஒரே அளவாக வளர்கின்றனவா, பெரிய மணிகளுக்கு நடுவே பொடிப்பொடியாகப் புதிய மணிகள் முளைத்துவிட்டனவா என்பது அந்த ஒரு நொடியிலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பொடி முளைத்திருந்தால் நீர் விட்டுக் கரைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பானின் சர்க்கரை முழுவதும் தரம் கெடும். அளவுகாட்டும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. வந்தும் அந்தக் கண்ணாடித் துண்டை அவர் கீழே வைத்துவிடவில்லை.

அந்தக் கண்ணும் அந்த விரலும் எத்தனை நாட்களில் பழகும்? ஆலை ஓடுவது ஆண்டிலே சில மாதங்கள்தாம். ஒரு பருவத்திலே பார்த்தது மறு பருவத்திலேதான் கைக்கு வரும். அதே ஆலையிலே, கரும்பை நசுக்கும் உருளைகளின் பற்கள் வழுக்காமல் பிடிக்க, உருளை சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன்மேல் வெல்டிங் பொட்டு வைக்கும் வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யும் கையை மூன்று மாத வகுப்பிலே உண்டாக்கிவிடலாம் என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அவரை ஒரு மணி நேரம் அந்த உருளைக்கு முன்னே நிறுத்திவைக்க வேண்டும் என்பேன்.

ஆலைக்குள்ளே எல்லோரும் போக முடியாது. கூட்டுரோட்டுக்கு வாருங்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இல்லாத கூட்டுரோடு நம் மாவட்டத்திலே உண்டா? போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது என்றால் விவசாயி முதலிலே ஓடிவருவது அங்கேதான்; பயிர் வாடுவதற்குள் மோட்டார் திரும்பப் போக வேண்டும். அந்தக் கடையிலே பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். எட்டாம் வகுப்போடு நின்றவன். கருகிய காயிலை உளியால் வெட்டி எடுக்கிறான். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எத்தனை சுற்று என்று எண்ணிக் கரிக்கட்டியால் சுவரிலே குறித்துக்கொள்கிறான். கம்பியின் கேஜ் என்ன என்று மைக்ரோமீட்டரிலே பார்க்கிறான். காப்புக் காகிதத்தை அளவாக வெட்டி ஸ்லாட்டுக்குள் செருகுகிறான். புதிய செம்புக் கம்பியைச் சுற்றி, எனாமல் பூச்சு உரியாதபடி விரல் நுனியாலே உள்ளே அமர்த்தி, நூலாலே கட்டி, வார்னிஷில் தோய்த்துக் காயவைக்கிறான். எத்தனை நேர்த்தியான வேலை! ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, ஏன் இத்தனை சுற்று?' பையன் விழிப்பான். 'பழசிலே இவ்வளவுதான் இருந்திச்சு, அண்ணே அப்படியேதான் கட்டச் சொன்னாரு' என்பான். பழைய காயிலே தவறாகக் கட்டப்பட்டதாயிருந்தால்? அந்தத் தவறையும் அவன் சிரத்தையோடு நகல் எடுப்பான். மோட்டார் மறுபடியும் எரியும்.

இப்போது தொழிற்பயிற்சி நிலையத்திலே இரண்டு ஆண்டு எலெக்ட்ரீஷியன் படித்து வெளிவந்த மற்றொரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஏன் இத்தனை சுற்று என்பதற்கு அவன் தாளிலே கணக்குப் போட்டுக் காட்டுவான். மின்னழுத்தம், குதிரைத்திறன், துருவங்களின் எண்ணிக்கை எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் சேறும் எண்ணெயுமாக, கருகல் நாற்றத்தோடு ஒரு மோட்டாரை அவன் மடியிலே கொண்டுவந்து போட்டால் எங்கே கைவைப்பது என்று திகைப்பான்; ஏனெனில் பயிற்சிக்கூடத்திலே பல கைகள் மாற்றி மாற்றித் தொட்ட ஒரே மோட்டாரைத்தான் அவன் பார்த்திருக்கிறான். ஒருவனிடம் கை இருக்கிறது. ஒருவனிடம் கணக்கு இருக்கிறது. இருவரும் அடுத்தடுத்த ஊரிலே இருக்கிறார்கள். இருவருக்கும் முழுக் கூலி கிடைப்பதில்லை!

கையும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். இதுதான் தொழிற்கல்வி. ஜெர்மனி தேசத்திலே இதை வெகுகாலமாக ஓர் ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெறுபவன் வாரத்திலே மூன்று, நான்கு நாள் தொழிற்சாலையிலே கூலி பெற்று வேலை பழகுவான். எஞ்சிய ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலே பாடம் படிப்பான். பெரும்பாலான தொழில்களிலே இப்படி மூன்று, மூன்றரை ஆண்டு. மூன்று மாதம் அல்ல, நண்பர்களே, மூன்று ஆண்டு.

இந்த இடத்திலே சபையில் உள்ள பெரியவர்கள் சிலர் மனத்திலே ஒரு கேள்வி எழுந்திருக்கும். 'பையனைப் பட்டறைக்கு அனுப்பு என்கிறாயே, இதைத்தானே முன்பு ஒருவர் சொன்னார், நாம் எதிர்த்தோம்?' என்ற கேள்வி. நியாயமான கேள்வி, அதைத் தாண்டிச் செல்ல எனக்கு உரிமை இல்லை. 1953ஆம் ஆண்டிலே ராஜாஜி அவர்கள் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளிலே வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதிலே பிள்ளைகள் தத்தம் தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். நாடு அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டியது. எதிர்ப்பு மூண்டது; 1954இலே ராஜாஜி பதவி விலகினார்; அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தத் திட்டத்திலே குற்றம் எது? கைத்தொழில் கற்பதா குற்றம்? இல்லை. வெட்கப்படத்தக்க தொழில் என்று ஒன்றும் இல்லை. 'தந்தையின் தொழில்' என்று சொன்னதே குற்றம். பிறப்பிலே விதிக்கப்பட்ட வேலையைப் பாடம் என்று பெயரிட்டுத் திரும்பக் கட்டியதே குற்றம். அதனாலேதான் நான் இன்று சொல்லும் பயிற்சிக்கு முதல் நிபந்தனையாக இதை வைக்கிறேன்: எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் தேர்ந்தெடுக்கலாம். வெட்டியான் வீட்டுப் பிள்ளை மின்மோட்டாரைத் தொடட்டும். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை குழாய் பொருத்தட்டும். சிதம்பரத்திலே நந்தனார் பெயரால் பள்ளி கண்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்த சுவாமி சகஜானந்தர் வாழ்ந்த மண் இது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றால் பெரும்பாலும் அவன் எந்தத் தெருவிலே இருக்கிறான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகையினாலே தொழிற்பயிற்சியைப் படிப்பிலே தோற்றவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக எண்ணுவோர், தாம் அறியாமலே பழைய ஏற்பாட்டுக்குத்தான் கொல்லைப்புற வழி திறக்கிறார்கள்.

சரி, சுதந்திர இந்தியாவிலே முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. 1950ஆம் ஆண்டு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியேதான் இன்றைய அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் வளர்ந்தன, அவை நன்று. அதற்கு அப்பால், கிராமத்து இளைஞர்களுக்கென்றே 1979ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று 'டிரைசெம்' என்று ஒரு திட்டம் வந்தது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் இளைஞர்; ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் நாற்பது பேர்; இதுதான் இலக்கு. நாற்பது என்று எண் விதிக்கப்பட்டதும் அலுவலகங்கள் என்ன செய்யும்? நாற்பது பேரைப் பிடிக்கும். நாற்பது பேரும் கையெழுத்திட்டார்கள், பயிற்சிக்காலம் முடிந்தது, சான்றிதழ் வந்தது. அவர்களிலே எத்தனை பேர் அந்தத் தொழிலாலே சோறு உண்டார்கள் என்று கணக்குக் கேட்டவர் சொற்பம். 1999ஆம் ஆண்டிலே அது வேறொரு திட்டத்திலே கரைந்தது. பிறகு வந்தவற்றின் பெயர்களை நான் வரிசையாகச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்வேன். கர்நாடகத்திலே தர்மஸ்தலத்தை அடுத்த உஜிரே என்னும் ஊரிலே 1982ஆம் ஆண்டு, கோயில் அறநிலையமும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. தங்க இடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். அது மட்டுமாயிருந்தால் நான் அதை எடுத்துச் சொல்லமாட்டேன். பயிற்சி முடிந்து வீடு திரும்பியவனை இரண்டு ஆண்டுவரை விடாமல் பின்தொடர்ந்து, கடை வைத்தாயா, கடன் கிடைத்ததா, எங்கே தடை என்று கேட்டார்கள். அந்த முறையைப் பார்த்துத்தான் பின்னாளிலே மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமியச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்கள் ஏற்பட்டன. நம் கடலூர் மாவட்டத்திலும் இந்தியன் வங்கி அப்படி ஒரு மையத்தை நடத்துகிறது. அங்கேயும் வகுப்பின் நாட்கள் குறைவுதான். ஆயினும் அந்த இரண்டு ஆண்டுக் கவனிப்பு இருக்கிறதே, அதிலேதான் தொழில் பிழைக்கிறது.

இனி, நான் முதலிலே கேட்ட கேள்விக்கு வருகிறேன். காலத்தை யார் வாங்கித் தருவது?

இந்த மண்ணிலே நின்று பசியைப் பற்றிப் பேச நான் யார்? இங்கிருந்து சிறிது தூரத்திலே இருக்கும் வடலூரிலே, வள்ளற்பெருமான் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சத்திய ஞானசபை அதற்குப் பிறகு, 1872இலேதான் வந்தது. சோறு முன்னே, ஞானம் பின்னே. காமராசர் ஆட்சியிலே 1956ஆம் ஆண்டு பள்ளிகளிலே மதிய உணவு பரவத் தொடங்கியதும் அதே நியாயத்தினாலே அன்றோ? பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் சோம்பல் அல்ல, பசி என்று கண்டார், சோறு போட்டார், பிள்ளை வந்தான். அந்த நியாயத்தை நாம் பதினான்கு வயது வரைக்கும் ஒப்புக்கொண்டுவிட்டோம். பதினாறு வயதிலே வயிறு சுருங்கிவிடுமா?

கணக்குப் பார்ப்போம். அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலே பயிலும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சைக்கிள், பாடநூல், வரைபடக் கருவிகள் எல்லாம் விலையில்லாமல் தருகிறார்கள். மாதம் ₹750 உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியிலே படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியே மாதம் ₹1,000 சேர்ந்தால் ₹1,750 ஆகிறது. நல்லது, கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு நாள் வேலைக்கு 2024-25ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி ₹319. வகுத்துப் பாருங்கள்: ஒரு மாதப் பயிற்சிக்குக் கிடைப்பது ஐந்தரை நாள் கூலி! மீதி நாட்களுக்கு அந்த வீடு என்ன செய்யும்? தகப்பன் இல்லாத வீடு, தாய் நாற்று நடப் போகும் வீடு, தங்கை பள்ளியிலே இருக்கும் வீடு என்ன செய்யும்? சேர்ந்த பையன் ஒரு நாள் வருவான், இரண்டு நாள் வருவான். மூன்றாம் நாள் சித்தப்பாவோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவான். அவன் பெயர் பதிவேட்டிலே இடைநின்றவன் என்று எழுதப்படும். பள்ளியிலும் இடைநின்றவன், பயிற்சியிலும் இடைநின்றவன்! யார் நின்றார்கள்? அவனா, நாமா?

சட்டத்திலே இடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1961ஆம் ஆண்டிலேயே தொழில்பழகுநர் சட்டம் பிறந்துவிட்டது. அப்ரண்டிஸ் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சட்டம்தான். 2019இலே திருத்திய விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தன் ஆட்பலத்திலே நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை தொழில்பழகுநரைச் சேர்த்தே தீர வேண்டும். ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்து நின்றவனுக்கும் அதிலே இடம் உண்டு. அவனுக்கு மாதம் ₹5,000க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அந்த விதி கூறியது. இடைநின்ற பிள்ளையைச் சட்டம் மறக்கவில்லை, நண்பர்களே, மறந்தது நாம்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு விடுதல் இருக்கிறது. நாலு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. நான் சொன்ன காயில் கட்டும் கடையிலே எத்தனை பேர்? முதலாளி ஒருவர், அந்தப் பையன் ஒருவன். லேத்துப் பட்டறையிலே மூன்று பேர். டிராக்டர் ஒர்க்ஷாப்பிலே மிஸ்திரியும் இரண்டு கையாட்களும். கிராமத்துத் தொழில் முழுவதும் நாலு பேருக்கு உட்பட்டே நடக்கிறது. உண்மையான தொழிற்பள்ளியும் அதுவே. அந்தப் பள்ளியின் மாணவனைச் சட்டம் மாணவன் என்று ஏற்பதில்லை. எடுபிடி என்கிறது ஊர். டீ வாங்கி வரச் சொல்கிறது முதலாளியின் குரல். ஐந்து ஆண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் கையிலே ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் வெளியேறுகிறான். பிறகு சிங்கப்பூர் போக ஸ்கில் டெஸ்ட் எழுத வேண்டும் என்று எவனோ சொல்ல, தாயின் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறான். இதற்கு ஒரு வழி இல்லையா? நாலு பட்டறைகள் சேர்ந்தால் ஒரு சங்கம். அந்தச் சங்கத்தை ஒரு நிறுவனமாகக் கருதிச் சட்டம் பையனைப் பதிவு செய்யட்டும். வாரத்திலே இரண்டு நாள் அவன் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கணக்கும் வரைபடமும் படிக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

காலம் என்று சொன்னேன். காலத்தை வீணாக்கியதற்கு இந்தச் சுற்றுவட்டாரமே ஒரு சாட்சி. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டும் பொருட்டு, பக்கத்து வளையமாதேவியிலே பச்சைப் பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை உங்களிலே பலர் நேரிலே கண்டிருப்பீர்கள். அதன் நியாய அநியாயங்களை விசாரிப்பது இந்த மேடையின் வேலை அல்ல. நீதிமன்றம் வரை சென்ற விஷயம். நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். வீட்டுக்கொரு வேலை தா என்றார்கள் மக்கள். நான் கேட்பது வேறு. நிலத்தை எடுத்த நாளுக்கும் இயந்திரம் இறங்கிய நாளுக்கும் நடுவிலே பத்தாண்டு கிடந்ததே, அந்தப் பத்தாண்டிலே அந்த வீடுகளின் பிள்ளைகள் யாது செய்தார்கள்? நிலம் கொடுத்தபோது எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு இப்போது பதினெட்டு, இருபது. ஃபிட்டராகவோ, வெல்டராகவோ, கனரக இயந்திர ஓட்டுநராகவோ அவனை ஆக்குவதற்குத் தேவையான காலம் முழுவதும் கையிலே இருந்தது. நிலம் எடுக்கும் அன்றே, அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரையும் ஒரு பயிற்சிப் பதிவேட்டிலே எழுதியிருக்க வேண்டாமா? நிலத்தை அளக்கச் சர்வேயர் வந்தாரே, பிள்ளையை விசாரிக்க ஒருவர் வந்தாரா?

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களுக்குத் தொழிற்பயிற்சி என்றதும் நம் கண்முன்னே தோன்றுவது தையல் இயந்திரம். தையல் நல்ல தொழில்தான்.  ஆனால் ஒரு தெருவிலே முப்பது பெண்கள் ஒரே சமயத்திலே தையல் கற்றால் முப்பத்தொன்றாவது ரவிக்கையை யார் கொடுப்பார்? எலெக்ட்ரானிக்ஸ், குளிர்சாதனப் பழுது, சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூட வேலை இவற்றையெல்லாம் பெண் செய்யக்கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? சொல்லியிருந்தாலும் அந்தச் சாஸ்திரம் நமக்கு வேண்டாம்.

இளைஞர்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டும் என்று பேசுகிறவர்கள் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களை உதாரணம் காட்டுவது வழக்கம். பள்ளியை வெறுத்து விட்டவர். வெள்ளைக்காரர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, ஹோட்டலிலே வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவர். 1920இலே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கிப் பெரும் போக்குவரத்து ஸ்தாபனத்தை எழுப்பியவர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மேதைகளுக்குத் திட்டம் வேண்டியதில்லை. அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். அவரைக் காட்டி, 'பார், அவர் தாமே முன்னுக்கு வந்தாரே' என்று ஒரு சாதாரணப் பிள்ளையிடம் சொல்வது அவனை உற்சாகப்படுத்துவதாகாது. நம் கடமையிலிருந்து நாம் நழுவுவதாகும். அந்த நாயுடுவே 1945ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலே தொழிற்கல்லூரி தோன்ற முன்னின்றார் என்பதை அந்தப் பேச்சாளர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சில காரியங்களைச் சொல்லி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.

கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளிலே சேரலாம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் என்று வாசல் அகலும். நாற்பது வயது வரை ஆண்களுக்கு இடம் உண்டு. பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. பயிற்சி முடித்தபின் மொழிப் பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், விட்டுவந்த பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சமமான தகுதியும் கிடைக்கும். மூடிய கதவு மறுபடியும் திறக்கும். ஏற்கனவே பட்டறையிலே மூன்று ஆண்டு உழைத்து, இருபத்தொரு வயதும் நிரம்பியவர்கள், பயிற்சி நிலையத்திலே சேராமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வை எழுதலாம். அதற்குப் பட்டறை முதலாளியின் அனுபவச் சான்று வேண்டும்.

பட்டறை முதலாளிகளே, அந்தச் சான்றைக் கொடுப்பதற்குத் தயங்காதீர்கள். கொடுத்தால் அவன் வேறிடம் போய்விடுவான் என்று அஞ்சுகிறீர்கள், போகட்டும். உங்களிடம் தொழில் கற்றவன் என்ற பெயர் உங்களுக்கு நிற்கும்.

தலைமையாசிரியர்களே, பாதியிலே நின்ற பிள்ளை பல ஆண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தால், பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டி அவனைக் கண்டிக்காமல், அன்றைக்கே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டாம் முறை அலைய அவனிடம் கூலி இல்லை.

சட்டமன்றத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் செல்வாக்குள்ள பெரியோர்களே, மாதம் ₹1,750 என்பதைத் 2019இன் தொழில்பழகுநர் விதி சொன்ன ₹5,000க்கு உயர்த்துங்கள் என்று கேளுங்கள். புதிய திட்டம் வேண்டாம். புதிய பெயர்ப் பலகையும் வேண்டாம். இருக்கிற நிலையத்திலே இருக்கிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டு தரித்து நிற்க வழி செய்தால் போதும்.

ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, புகைப்படம், இவ்வளவுதான் தேவை. உங்கள் தெருவிலே பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். அவனாகப் போகமாட்டான், அவளையும் தனியாக அனுப்பமாட்டார்கள். இந்த ஆண்டு ஒருவரையாவது நீங்களே பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு போங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.